வாளும் வீணையும் ஏந்திய மன்னர்
தஞ்சை ரகுநாத நாயக்கரின் வரலாறு

காரைக்கால் கடற்கரை. வங்கக் கடலின் அலைகள் ஓயாமல் வந்து மோதும் மணல்வெளி. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு அந்த மணலில் இரண்டு ஈட்டிகள் நட்டு வைக்கப்பட்டிருந்தன. ஈட்டிகளின் முனையில் இரண்டு மனிதத் தலைகள்! மீன் பிடிக்கச் சென்றவர்களும் உப்பு அள்ளச் சென்றவர்களும் அந்தக் கோரக் காட்சியைக் கண்டு நடுங்கினார்கள்.

அந்தத் தலைகள் தமிழருடையவை அல்ல. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், பனி மூடிய வட கடல் ஓரத்தில் உள்ள டென்மார்க் நாட்டின் கப்பலில் வந்தவர்களுடையவை. அவர்களைக் கொன்றவர்கள் போர்த்துக்கீசியர்கள். தங்களைத் தவிர வேறு எந்த வெள்ளையரும் இந்தக் கரையில் கால் வைக்கக் கூடாது. அவர்களுக்கு இடம் கொடுக்க ஊரார் நினைக்கவும் கூடாது. அதற்கு எச்சரிக்கையாகவே தலைகளை அங்கே நட்டு வைத்தார்கள்.

கப்பல் நாசமாயிற்று. அதில் வந்தவர்களில் 13 பேர் மட்டும் எப்படியோ கரை ஏறினார்கள். அவர்களைப் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். அந்த 13 பேரின் உயிர் அப்போது ஒரே ஒருவர் கையில் இருந்தது. அவர்தாம் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர்.

அவர் என்ன செய்தார்? அவர் செய்த முடிவால் சோழ நாட்டுக் கடற்கரையின் வரலாறே மாறியது. அந்த மன்னரின் கதை இது.

பிறப்பும் வளர்ப்பும்

விஜயநகரப் பேரரசின் காலத்தில் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி தோன்றியது. முதல் நாயக்கர் சேவப்பர். அவர் மகன் அச்சுதப்பர். அச்சுதப்பரின் மகனே ரகுநாதர். நெடுநாள் தவம் இருந்து, தெய்வங்களை வேண்டிப் பெற்ற பிள்ளை என்று அக்காலப் புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள்.

அச்சுதப்பருக்கு அமைச்சராக இருந்தவர் கோவிந்த தீட்சிதர். கும்பகோணம், பட்டீசுவரம் பக்கத்தில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. பெரிய படிப்பாளி. சங்கீதத்தில் கரை கண்டவர். அந்தப் பெரியவரின் மேற்பார்வையில் இளவரசர் வளர்ந்தார். காலையில் சிலம்பமும் வாள் வீச்சும் குதிரையேற்றமும், பிறகு தெலுங்கும் சமஸ்கிருதமும், மாலையில் வீணை. இளவரசருக்கு எதிலும் குறை வைக்கவில்லை.

இளம் வயதிலேயே ரகுநாதர் போர்க்களம் கண்டார். விஜயநகரப் பேரரசர் வேங்கடபதி ராயருக்குக் கோல்கொண்டா சுல்தானின் படைகள் தொல்லை கொடுத்தன. பேரரசருக்கு உதவியாக ரகுநாதர் படையுடன் சென்று, பெனுகொண்டாவில் வீரம் காட்டினார். பேரரசர் மகிழ்ந்து பரிசு கொடுக்க முன்வந்தார். ரகுநாதர் தமக்காக எதையும் கேட்கவில்லை. சிறையில் கிடந்த செஞ்சி நாயக்கரை விடுதலை செய்யும்படி கேட்டார். பேரரசர் இணங்கினார். விடுதலையான செஞ்சி நாயக்கர் நன்றியோடு தம் மகளையே ரகுநாதருக்கு மணம் செய்து கொடுத்தார்.

1600-ம் ஆண்டில் ரகுநாதர் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கினார். 1614-ம் ஆண்டு முதல் அவரே தனி அரசர்.

முதலை காத்த தீவு

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தீவுக்கோட்டை. அங்கே சோழகன் என்பவன் இருந்தான். வழிப்போக்கர்களையும் படகுகளையும் கொள்ளையடித்து வாழ்ந்தவன் அவன். கோட்டையைச் சுற்றிலும் ஆறு. ஆற்றிலே முதலைகள். அக்காலத்தில் அந்த வழியே வந்த ஐரோப்பியப் பாதிரியார் ஒருவரே அந்த முதலைகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சோழகனுக்குப் போர்த்துக்கீசியரின் துணையும் இருந்தது.

மக்கள் ரகுநாதரிடம் முறையிட்டார்கள். அவர் படையோடு புறப்பட்டார். தீவை வளைத்துப் போர் புரிந்து சோழகனைப் பிடித்தார். அத்துடன் கொள்ளிடத்துக் கரையில் அச்சம் நீங்கியது. ஆனால் ஒன்றை அவர் அன்றே கண்டுகொண்டார். கடலில் கப்பல் இல்லாத மன்னனுக்குக் கடற்கரை சொந்தமாக இராது. கடலில் அன்று கப்பலும் பீரங்கியும் வைத்திருந்தவர்கள் போர்த்துக்கீசியர்களே. நாகப்பட்டினத்தில் அவர்கள் வேரூன்றி இருந்தார்கள்.

காவிரி உடைந்தது

1614-ல் வேங்கடபதி ராயர் இறந்தார். அவருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவர் ஸ்ரீரங்க ராயர். ஜக்கராயன் என்ற பிரபு சூழ்ச்சி செய்து, ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தையும் கொன்றான். ராமதேவன் என்ற சிறுவன் மட்டும் தப்பினான். யாசம நாயக்கர் என்ற விசுவாசி, ஒரு வண்ணாரின் உதவியால் அச்சிறுவனை ரகசியமாக வெளியே கொண்டு வந்து விட்டார்.

நாடே இரண்டாகப் பிரிந்தது. மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம் சேர்ந்தார்கள். முன்பு பெண் கொடுத்த செஞ்சியே இப்போது எதிரணி! ரகுநாதர் மட்டும் சிறுவனின் பக்கம் நின்றார். பலம் எந்தப் பக்கம் என்று அவர் பார்க்கவில்லை. நியாயம் எந்தப் பக்கம் என்றே பார்த்தார்.

எதிரிகள் ஒரு கொடுமை செய்தார்கள். தஞ்சைக்குச் சோறு போடுவது காவிரி. அந்தக் காவிரியின் அணையையே உடைத்துவிட்டார்கள். ரகுநாதரின் கோபம் எல்லை மீறியது. 1616-ம் ஆண்டு இறுதியில், திருச்சிக்கும் கல்லணைக்கும் இடையே தோப்பூரில் பெரும் போர் மூண்டது. தென்னாட்டில் அதுவரை நடந்த போர்களில் அது மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஜக்கராயன் மாண்டான். அவனோடு சேர்ந்தவர்கள் சிதறி ஓடினார்கள். சிறுவன் ராமதேவனுக்கு முடி சூட்டப்பட்டது. உடைந்த அணையைச் சரி செய்ததும் ரகுநாதரே.

வடகடல் வாள்

தோப்பூர்ப் போர் நடந்த அதே 1616-ம் ஆண்டில், தூர தேசத்தில் இன்னொரு காரியம் நடந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன், கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். மிளகும் துணியும் வாங்க இந்தியாவுக்குக் கப்பல் அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை.

டென்மார்க்காரர்கள் யார்? அவர்களுடைய முன்னோர்கள்தாம் வைக்கிங்குகள். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் கடற்கரைகளைக் கலக்கிய கடலோடிகள். நீண்ட படகு, வட்டக் கேடயம், இருபுறமும் கூருள்ள வாள். இவையே அவர்கள் சொத்து.

வைக்கிங் வாள் பார்வைக்கு எளிமையானது. நீளம் சுமார் மூன்று அடி. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரே கையால் வீசலாம். எடை குறைவதற்காக நடுவிலே ஒரு பள்ளம் ஓடும். ஆனால் அதைச் செய்வது லேசான வேலை அல்ல. நல்ல இரும்பு அந்த நாட்டில் அரிது. ஆகையால் சிறு சிறு இரும்புக் கம்பிகளைக் காய்ச்சி, கயிறு போல முறுக்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்துச் சம்மட்டியால் அடித்து ஒட்ட வைப்பார்கள். தேய்த்து மெருகேற்றினால், முறுக்கிய கம்பிகளின் கோடுகள் பாம்பின் உடலில் உள்ள வரிகள் போல வாளின் மேலே தெரியும்.

அந்த வாள்களில் மிகப் புகழ் பெற்றவை உல்ஃபெர்ட் என்ற பெயர் பொறித்தவை. பெயரை இரும்புக் கம்பியாலேயே வாளில் பதித்திருப்பார்கள். ஐரோப்பா முழுவதிலும் இத்தகைய வாள்கள் சுமார் 170 கிடைத்துள்ளன. புகழ் இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும் அல்லவா? அந்தப் பெயரைத் தப்பும் தவறுமாகப் பொறித்த வாள்களும் பல கிடைத்தன. எழுதப் படிக்கத் தெரியாத கொல்லர்கள் பார்த்துச் செய்த நகல்கள் அவை. அவற்றில் பலவற்றின் இரும்பு மட்டம். அடித்தால் வளையும், முறியும்.

நல்ல உல்ஃபெர்ட் வாள்களில் சிலவற்றை விஞ்ஞானிகள் சோதித்தபோது ஓர் ஆச்சரியம் தெரிந்தது. அந்த உருக்கு, மூடிய மண் மூசையில் வைத்து உருக்கிய உருக்கு. அந்த வித்தை அன்றைய வட ஐரோப்பாவில் கிடையாது. கீழை நாடுகளிலிருந்து வியாபார வழியாக அது அங்கே போயிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அந்த வித்தையில் கைதேர்ந்த நாடுகளில் ஒன்று நம் தமிழ்நாடு. கொங்கு நாட்டுக் கொடுமணலில் பழங்கால உலைகளைத் தொல்பொருள் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இரும்பையும் கரியையும் சிறு மண் மூசையில் இட்டு, வாயை மூடி, துருத்தியால் ஊதி ஊதிக் காய்ச்சுவார்கள். உள்ளே இரும்பு உருகி, கரியைக் குடித்து, உருக்காக மாறும். பிறகு மெல்ல ஆற விடுவார்கள். உருக்கு என்ற நம் சொல்லும், உக்கு என்ற கன்னடச் சொல்லுமே வெள்ளையர் வாயில் 'ஊட்ஸ்' என்று ஆயின என்று சொல்வார்கள்.

2012-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கொல்லர், உல்ஃபெர்ட் வாளைப் போல ஒரு வாளைத் தம் கையாலேயே செய்து பார்த்தார். பெரிய ஆலையின் உருக்கை அவர் வாங்கவில்லை. மூசையில் இரும்பும் கரியும் இட்டுத் தாமே உருக்கினார். கிடைத்த கட்டியை மெல்ல மெல்ல அடித்து நீட்டினார். சற்றே சூடு மிஞ்சினாலும், அடி தப்பினாலும் கட்டி பிளந்து போகும். அந்த நகலைச் செய்த பிறகுதான் பழைய கொல்லர்களின் பொறுமை எவ்வளவு என்று உலகம் உணர்ந்தது. வைக்கிங் வாளை நகல் செய்யப் புறப்பட்டவர், நம் கொங்கு நாட்டுக் கொல்லர் அறிந்திருந்த வித்தையில் போய் நின்றார்!

காரைக்காலில் நடந்தது

ரகுநாதர் காலத்தில் டென்மார்க்காரர்கள் வைக்கிங்குகள் அல்லர். அவர்கள் வணிகர்கள். ஆனால் கடலுக்கு அஞ்சாத ரத்தம் மட்டும் மாறவில்லை.

1618-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓரசுண்ட் என்ற கப்பல் முன்னதாகப் புறப்பட்டது. அதற்குத் தலைவர் ரோலண்ட் கிராப்பே. இவர் டச்சுக்காரர், இந்தியக் கடற்கரையை முன்பே அறிந்தவர். அதே ஆண்டு நவம்பரில் பெரிய கப்பல்கள் கிளம்பின. அவற்றின் தலைவர் ஓவே கெட்டே. வயது 23தான்!

பெரிய கப்பல்கள் போக வேண்டிய இடம் தஞ்சை அல்ல, இலங்கை. கண்டி அரசரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் டென்மார்க்குக்கு வந்திருந்தார். படை உதவி செய்தால் வியாபார உரிமை முழுவதும் கிடைக்கும் என்று அவர் ஆசை காட்டியிருந்தார். அதை நம்பியே அவர்கள் கிளம்பினார்கள். வழியில் புயல், நோய், பசி. மாலுமிகள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். அந்தத் தூதரும் வழியிலேயே இறந்து போனார். 1620 மே மாதம் இலங்கையை அடைந்தபோது, கண்டி அரசர் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஒன்றரை ஆண்டுப் பயணம் வீணாயிற்று.

இதற்கு முன்பே, முதலில் வந்த ஓரசுண்ட் கப்பல் சோழ நாட்டுக் கரையோரம் சுற்றிக்கொண்டிருந்தது. போர்த்துக்கீசியக் கப்பல்களைத் தாக்கியது. போர்த்துக்கீசியர் திருப்பித் தாக்கினர். காரைக்கால் அருகே ஓரசுண்டின் கதை முடிந்தது. மணலில் ஈட்டிகளும் தலைகளும் நின்றது அப்போதுதான். கரை ஏறியவர்களில் கிராப்பேயும் ஒருவர்.

மன்னரின் முடிவு

ரகுநாதர் முன்பு இரண்டு வழிகள் இருந்தன.

அந்த 13 பேரையும் போர்த்துக்கீசியரிடம் ஒப்படைத்து விடலாம். அவர்களுடைய நட்பு கிடைக்கும். நாகப்பட்டினத்தில் அவர்கள் பலசாலிகள். குதிரையும் பீரங்கியும் அவர்கள் மூலமே வந்தன. பிடிபட்டவர்களோ கப்பலை இழந்த அனாதைகள். அவர்களைக் காப்பாற்றி என்ன லாபம்?

இரண்டாவது வழி, அவர்களை நண்பர்களாக்குவது. அது ஆபத்தான வழி. போர்த்துக்கீசியரின் பகை வரும்.

அந்தச் சமயத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு துயரச் செய்தி வந்திருந்தது. 1619-ம் ஆண்டில் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாண ராஜ்யத்தைக் கைப்பற்றினார்கள். தமிழ் மன்னர் சங்கிலி சிறைப்பட்டார். அவர் தஞ்சையின் உதவியை நாடியவர். ரகுநாதர் அவருக்காகப் படை அனுப்பியும் பலிக்கவில்லை. அதற்குப் பின்னும் தஞ்சைப் படைகள் கடல் கடந்து போரிட்டுப் பார்த்தன. வெற்றி கிட்டவில்லை. தோப்பூரில் மூன்று அரசுகளை வென்ற வாள், கடலுக்கு அப்பால் பயன்படவில்லை.

ரகுநாதர் யோசித்தார். கடலில் ஒரே ஒரு வெள்ளையன் இருந்தால் அவன் எஜமானன். இரண்டு பேர் இருந்தால் அவர்கள் வியாபாரிகள். விலை கேட்க முடியும். ஒருவரைக் கொண்டு மற்றவரை அடக்கவும் முடியும். அவர் 13 பேரையும் கொல்லவில்லை. கிராப்பேயோடு பேசினார்.

இலங்கையில் ஏமாந்த ஓவே கெட்டேயும் தஞ்சைக்கு வந்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. காரைக்காலுக்கு வடக்கே, சில மைல் தூரத்தில் உள்ள தரங்கம்பாடி என்ற கடலோரச் சிற்றூர் டென்மார்க்காரர்களுக்குக் கிடைத்தது. கல்லால் கோட்டை கட்டிக்கொள்ளலாம், வரி வசூலிக்கலாம், வியாபாரம் செய்யலாம். அதற்காக ஆண்டுதோறும் தஞ்சை மன்னருக்குப் பணம் கட்ட வேண்டும்.

டென்மார்க் மன்னருக்கு ரகுநாதர் ஒரு கடிதம் அனுப்பினார். காகிதத்தில் அல்ல, பனை ஓலையிலும் அல்ல. பொன் தகட்டில்! அதிலே தமிழ் எழுத்துக்களைப் பொறிக்கச் செய்தார். வாள் ஏந்தி வந்தவர்களுக்குத் தஞ்சை மன்னரின் பதில் பொன்னெழுத்தாகப் போயிற்று. 400 ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பொன்னோலை டென்மார்க்கின் தலைநகரில் பத்திரமாக இருக்கிறது.

பரங்கி வாளும் பீரங்கியும்

ரகுநாதர் பிறரிடமிருந்து கற்றுக்கொள்ளத் தயங்காதவர். அக்காலத்தில் ஐரோப்பிய வாளின் அலகுக்கு நம் நாட்டில் நல்ல மதிப்பு இருந்தது. தஞ்சையின் கொல்லர்கள் அந்த அலகை வாங்கி, அதற்கு நம் நாட்டுக் கைப்பிடியைப் பொருத்தினார்கள். கைப்பிடியிலே யாளி, கிளி, கொடி என்று செதுக்கினார்கள். நீண்ட வாளைக் குறுக்கிக் கட்டாரியாகவும் மாற்றினார்கள். நியூயார்க் நகரப் பொருட்காட்சிச்சாலையில் கூட இத்தகைய தஞ்சைக் கட்டாரிகளைக் காணலாம்.

அலகு கிடைக்காதபோது இந்தியக் கொல்லர்கள் தாங்களே அதே மாதிரி செய்தார்கள். ஐரோப்பியக் கொல்லரின் முத்திரைக் குறிகளைக் கூட அப்படியே வெட்டி வைத்தார்கள். இந்த வகை வாளுக்கு வடநாட்டில் பிரங்கி என்றே பெயர். பரங்கி நாட்டு வாள் என்று பொருள். வைக்கிங் காலத்தில் எழுதத் தெரியாத கொல்லர் உல்ஃபெர்ட் பெயரைப் பார்த்து வெட்டியது போல, இங்கேயும் நடந்தது! ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே நகல் வாள் பெரும்பாலும் மட்டம். இங்கே உருக்கும் உண்டு, கையும் உண்டு. நல்ல கொல்லர் செய்த நகல் அசலுக்குத் தோற்காது.

பீரங்கி என்ற சொல்லும் இதே பரங்கியிலிருந்து வந்ததுதான். தஞ்சைக் கோட்டையின் கிழக்குப் பக்கத்தில், பீரங்கி மேட்டில் ராஜகோபால பீரங்கி இருக்கிறது. ரகுநாதர் காலத்தது என்று சொல்லப்படும் இந்தப் பீரங்கியின் நீளம் சுமார் 25 அடி. எடை சுமார் 22 டன். இது அச்சில் வார்த்தது அல்ல. நாற்பதுக்கும் மேற்பட்ட நீண்ட இரும்புப் பட்டைகளைப் பீப்பாய்ப் பலகை போல வட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் காய்ச்சிய இரும்பு வளையங்களை மாட்டி, அடித்து இறுக்கிச் செய்தது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். சூட்டில் விரிந்த வளையம், ஆறும்போது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். சிறு கம்பிகளை முறுக்கி அடித்து வாள் செய்த வைக்கிங் கொல்லரும், பட்டைகளைச் சேர்த்து அடித்துப் பீரங்கி செய்த தஞ்சைக் கொல்லரும் அறிந்த அடிப்படை ஒன்றே. இரும்பைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஒன்றாக்கும் வித்தை அது. வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அந்தப் பீரங்கி உருக்குலையவில்லை.

வீணை ஏந்திய கை

வாளை மட்டும் வைத்து ரகுநாதரை அளக்க முடியாது. அவருடைய சபை புலவர்களின் கூடம். அவரே தெலுங்கில் காவியம் எழுதினார். வால்மீகியின் கதையையும் ராமாயணத்தையும் நளன் கதையையும் பாடினார். அவர் மனம் ராமபக்தியில் தோய்ந்தது. கும்பகோணம் ராமசாமி கோயில் அவர் காலத்துப் பணி. அங்குள்ள தூண் சிற்பங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அவர் சபையில் பெண் புலவர்களுக்கும் இடம் இருந்தது. ராமபத்ராம்பா என்ற பெண்மணி, மன்னரின் வாழ்க்கையையே சமஸ்கிருதக் காவியமாகப் பாடினார். மதுரவாணி என்ற மற்றொரு பெண்மணி, மன்னரின் தெலுங்கு ராமாயணத்தைச் சமஸ்கிருதத்தில் இயற்றினார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று பல வீடுகளில் கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் அரசவையில் பெண்களின் கவிதை அரங்கேறியது!

வீணைக்கு அவர் செய்த உதவி பெரிது. முன்பு ராகத்துக்கு ஏற்ப வீணையின் மெட்டுக்களை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. 24 மெட்டுக்களை நிலையாகப் பதித்து, எல்லா ராகமும் வாசிக்கும்படி செய்த வீணை ரகுநாதர் பெயரோடு சேர்ந்தது. அதுவே தஞ்சாவூர் வீணையாக இன்றும் வாழ்கிறது. கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, பின்னாளில் 72 மேளகர்த்தாக்களை வகுத்தார். அந்தச் சங்கீத மரத்துக்கு வேர் விட்ட இடம் ரகுநாதரின் சபையே.

விதைத்ததும் விளைந்ததும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு ரகுநாதர் மறைந்தார். அவர் மகன் விஜயராகவர் பட்டத்துக்கு வந்தார். 1673-ல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையை முற்றுகையிட்டது. கிழவரான விஜயராகவர் பணிய மறுத்தார். கையில் வாளுடன் போரிட்டு மடிந்தார். தஞ்சை நாயக்கர் வமிசம் அத்துடன் முடிந்தது. சில ஆண்டுகளில் மராட்டியர் ஆட்சி வந்தது.

ரகுநாதர் ஒரு வெள்ளையனுக்கு எதிராக இன்னொரு வெள்ளையனை நிறுத்தினார். அவர் உள்ளவரை அந்தக் கணக்கு சரியாக இருந்தது. கொடுத்தவர் மன்னர், வாங்கியவர் குத்தகைக்காரர் என்ற நிலை மாறவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பலம் இல்லை. 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. தலைகள் நட்டிருந்த அதே கடற்கரை! 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் அது இந்தியாவின் நிர்வாகத்துக்குத் திரும்பியது. சுற்றிலும் தமிழ்நாடு இருக்க, காரைக்கால் மட்டும் புதுச்சேரியோடு சேர்ந்திருப்பது அதனால்தான்.

தரங்கம்பாடியில் டென்மார்க் கொடி 225 ஆண்டுகள் பறந்தது. 1845-ல் அவர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்து இறங்கினார். மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அச்சு இயந்திரம் வரவழைத்தார். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகிதமும் செய்தார்கள். அரண்மனையிலும் மடத்திலும் ஓலைச் சுவடியாக முடங்கிக் கிடந்த படிப்பு, அச்சுத் தாளாக எளியவர் கைக்கு வர ஒரு வழி பிறந்தது. 13 பேரின் உயிரை ஒரு மன்னர் காப்பாற்றியதன் பலன், அவர் கனவிலும் எண்ணாத இடத்தில் போய் விளைந்தது.

அவருடைய வாள்கள் என்ன ஆயின? தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையில் நாயக்கர் கால ஆயுதங்களும் மராட்டியர் கால ஆயுதங்களும் குவிந்து கிடந்தன. மராட்டிய ராஜ்யத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பிறகு, 1863-ல் அந்த ஆயுதசாலையைக் கலைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொல்லர்கள் அடித்து, செதுக்கி, மெருகேற்றிய வாள்களில் மிகப் பல, பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. பொறுக்கி எடுத்த சில மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. எழும்பூருக்குப் போகிறவர்கள் அவற்றைப் பார்க்கலாம். அருகே நின்று கைப்பிடியை உற்றுப் பார்த்தால், பெயர் தெரியாத தஞ்சைக் கொல்லரின் உளி நடந்த தடம் தெரியும்.

வாள் துருப்பிடிக்கும்; உருக்கி விற்றுவிடவும் முடியும். வீணை நிலைத்தது. பொன்னோலை நிலைத்தது. ஆதரவற்று நின்ற ஒரு சிறுவனுக்காகவும், கரை ஒதுங்கிய 13 பேருக்காகவும் ஒரு மன்னர் எடுத்த முடிவுகளும் வரலாற்றில் நிலைத்துவிட்டன.